உமிக்கரியும் ஒற்றை இரும்பணுவும்: காரைக்குடிப் பக்கம் ஒரு வினையூக்கி ஆய்வின் முழுக் கதை

எங்கள் தெருவில் ஓர் ஆச்சி இருக்கிறார். காதுக் கருவிக்கு வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை பொத்தான் பேட்டரி மாற்ற வேண்டும். கண் அவ்வளவாகத் தெரியாது என்பதால் பேட்டரியின் முதுகில் இருக்கும் ஆரஞ்சு நிற ஒட்டுத்தாளை உரித்துக் கொடுக்க என்னைத்தான் கூப்பிடுவார். ஒருநாள் முற்றத்துத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்: "ஏம்மா, இந்தத் தாளை உரிச்சாத்தானே வேலை செய்யுது, அது ஏன்?" "உள்ளே காத்து போகணும் ஆச்சி" என்றேன். "காத்துலயா கரண்டு வருது?" என்று வியந்து போனார்.

ஆமாம், பாதி காற்றிலிருந்துதான் வருகிறது. தாளை உரித்தால் அடியில் ஊசிமுனை அளவுக்குத் துளைகள் தெரியும். அவற்றின் வழியே ஆக்சிஜன் உள்ளே போகிறது, உள்ளே துத்தநாகத் தூள் எலக்ட்ரான்களை விடுகிறது, அந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு ஆக்சிஜன் தண்ணீரோடு சேர்ந்து ஹைட்ராக்சைடாக மாறுகிறது. இந்த வாங்கும் வேலைக்குத்தான் ஆக்சிஜன் ஒடுக்கம் என்று பெயர். ஹைட்ரஜன் கார்களில் இருக்கும் எரிபொருள் மின்கலத்திலும் காற்றுப் பக்கம் நடப்பது இதே வேலை. அங்கே ஊடகம் அமிலம், கடைசியில் கிடைப்பது தண்ணீர். இரண்டு இடத்திலும் சிக்கல் ஒன்றுதான். ஆக்சிஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்களும் இறுக்கமாகக் கைகோத்துக் கொண்டிருக்கின்றன, தானாகப் பிரியாது, பிரித்துவிட ஒரு வினையூக்கி வேண்டும். இதுவரை இந்த வேலையை நன்றாகச் செய்வது பிளாட்டினம். அதன் விலை ஒரு பக்கம் இருக்கட்டும், உலகில் தோண்டி எடுக்கும் பிளாட்டினத்தில் பெரும்பங்கு தென்னாப்பிரிக்கா என்ற ஒரே நாட்டிலிருந்து வருகிறது.

அந்த இடத்தில் இரும்பை உட்கார வைக்க முடியுமா என்று ஒன்றரை வருடம் நாங்கள் செய்து பார்த்த கதைதான் இது. வெற்றிக் கதை மட்டும் எழுதினால் அடுத்து செய்பவர்களுக்குப் பயனில்லை, அதனால் தவறிய இடங்களைத்தான் அதிகம் எழுதியிருக்கிறேன்.

மின்வேதியியல் காரைக்குடிக்குப் புதிதில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இங்கேதான் இருக்கிறது. அந்த வளாகத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளில் நானும் ஒருத்தி. ஆனால் இந்த வேலை நடந்தது அங்கே இல்லை, வேறொரு சிறிய கல்லூரி ஆய்வகத்தில். ஒரு குழாய் உலை, ஒரு சுழல் மின்முனைக் கருவி, மின்னழுத்தத்தை நிறுத்தி மின்னோட்டத்தை அளக்கும் ஒரு பொட்டன்ஷியோஸ்டாட், நான், என்னோடு ஒரு முதுகலை மாணவி, எங்களை வழிநடத்திய சார். அவ்வளவுதான்.

ஏன் இரும்பு, ஏன் உமி

இரும்பு ஆக்சிஜனைக் கையாளும் என்பது நம் உடம்புக்கே தெரிந்த விஷயம். ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைத் தூக்கிக்கொண்டு போவது நான்கு நைட்ரஜன் நடுவே உட்கார்ந்திருக்கும் ஓர் இரும்பணுவால். செல்லுக்குள் மூச்சின் கடைசிப் படியில் ஆக்சிஜனைத் தண்ணீராக்கும் நொதியிலும் அதே போன்ற இரும்பு இருக்கிறது, பக்கத்தில் துணைக்குத் தாமிரம். 1964-இல் ஜாசின்ஸ்கி என்பவர் இதே அமைப்புள்ள ஒரு சாயப் பொருளை, கோபால்ட் தாலோசயனினை, மின்முனையில் பூசிப் பார்த்தார், அது ஆக்சிஜனை ஒடுக்கியது. 1970-களில் இப்படிப்பட்ட மூலக்கூறுகளைக் கரியோடு சேர்த்துச் சூடாக்கினால் இன்னும் நன்றாக வேலை செய்கின்றன என்று தெரிந்தது. பிறகு விலை கூடிய அந்த மூலக்கூறே தேவையில்லை, இரும்பு உப்பு, நைட்ரஜன் தரும் ஏதாவது ஒன்று, கரி, மூன்றையும் சேர்த்துச் சுட்டாலே போதும் என்ற நிலைக்கு வந்தார்கள். அப்படி வந்ததுதான் இரும்பு–நைட்ரஜன்–கார்பன் வினையூக்கி. சுட்ட பிறகு கரித் தாளின் நடுவே நான்கு நைட்ரஜன் ஒரு இருக்கை மாதிரி அமைய, அதில் ஓர் இரும்பணு உட்கார்ந்திருக்கும். நாம் தேடுவது அந்த இருக்கைகளை.

கரிக்கு எங்கே போவது? புதுவயலில் அரிசி ஆலைகள் வரிசையாக இருக்கின்றன, எங்களுக்குப் பக்கம். நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. அந்த உமியை எரித்தால் மறுபடியும் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக நிற்கும், அதில் பெரும்பகுதி சிலிக்கா. நெற்பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சித் தன் உமியின் சுவரில் நுண்ணிய மணிகளாக அடுக்கி வைத்த சிலிக்கா அது. அந்தக் காலத்தில் உமிக்கரியால் பல் தேய்த்தார்களே, பல் பளபளத்ததற்கு அந்தச் சிலிக்காவும் ஒரு காரணம். எங்களுக்கு அது வேறு வகையில் வசதி. உமியைக் கரியாக்கி, சூடான சோடியம் ஹைட்ராக்சைடில் ஊறப்போட்டால் சிலிக்கா கரைந்து வெளியேறிவிடும், அது இருந்த இடமெல்லாம் ஓட்டையாகும். ஆக்சிஜனும் தண்ணீரும் போய் வர வழி கிடைத்துவிடும். சிலிக்காவைக் கரைக்க ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் உண்டு, ஆனால் எலும்பு வரை போகும் விஷம் அது, எங்கள் மாதிரி ஆய்வகத்தில் அதைத் தொடுவதில்லை என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டோம்.

ஆலைக்காரர் ஒரு சாக்கு உமிக்குக் காசு வாங்கவில்லை. "எவ்வளவு வேணாலும் அள்ளிக்கிட்டுப் போ ஆத்தா" என்றார். அந்த ஒரு சாக்கு ஒன்றரை வருடம் வந்தது.

முதல் மாதிரி காந்தத்தில் ஒட்டியது

முதல் சுற்றில் நாங்கள் செய்தது எல்லோரும் முதலில் செய்யும் தவறு. இரும்புதான் வேலை செய்கிறது என்றால் இரும்பை நிறையப் போட்டால் நிறைய வேலை நடக்கும் என்று நினைத்தோம். கரியின் எடையில் பத்தில் ஒரு பங்கு இரும்பு வருகிற மாதிரி ஃபெரிக் குளோரைடு, கூடவே நைட்ரஜனுக்கு மெலமின், எல்லாவற்றையும் அரைத்து அலுமினா படகில் வைத்து, ஆர்கான் ஓட்டத்தில் 900 டிகிரியில் ஒரு மணி நேரம் சுட்டோம். கறுப்பாக, பார்க்க அழகான தூள் வந்தது. காரக் கரைசலில் சோதித்தபோது வேலையும் செய்தது, பிளாட்டினத்துக்கு வெகுதூரம் பின்னால்.

அமிலத்தில் கழுவினால் தேறும் என்று நினைத்து 80 டிகிரி சூட்டில் கந்தக அமிலத்தில் எட்டு மணி நேரம் கழுவினோம். பெரிய மாற்றம் இல்லை. அப்போதுதான் மாணவி, பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றைச் சும்மா குப்பிக்கு வெளியே பிடித்தாள். தூள் முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து கண்ணாடியில் ஏறி ஒட்டிக்கொண்டது. "அக்கா, இது கரியா இரும்புத் தூளா?" என்றாள்.

அந்தக் கேள்விதான் இந்த ஆய்வின் முதல் திருப்பம். தனித்தனியாக நைட்ரஜன் இருக்கையில் உட்கார்ந்த இரும்பணு காந்தத்துக்கு இப்படி ஓடி வராது. ஓடி வருகிறது என்றால் இரும்பு கூடிக்கூடி மணியாகத் திரண்டுவிட்டது என்று அர்த்தம். தூளின் படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ரே சிதறல் வரைபடத்திலும் 44.7 டிகிரிக் கோணத்தில் உலோக இரும்பின் கூர்முனை நின்றது, அக்கம்பக்கத்தில் இரும்புக் கார்பைடின் முனைகளும் இருந்தன. அமிலத்தில் ஏன் கரையவில்லை என்றால், சூட்டில் திரளும் இரும்பு மணி தன்னைச் சுற்றிக் கிராஃபைட் போர்வை ஒன்றை இழுத்துப் போர்த்திக்கொள்கிறது, அமிலம் அதைத் தாண்டி உள்ளே போக முடிவதில்லை. அதோடு அந்த மணிகள் பக்கத்துக் கரியையும் கிராஃபைட்டாக மாற்றி, நாம் சிரமப்பட்டு உண்டாக்கிய நுண்துளைகளை மூடிவிடுகின்றன. போட்ட இரும்பில் பெரும்பங்கு வீணானதோடு, உருப்படியான இருக்கைகளுக்கும் வழி அடைபட்டுவிட்டது.

அதன்பின் எங்கள் ஆய்வகத்தில் எந்த மாதிரி உலையிலிருந்து வந்தாலும் முதல் சோதனை காந்தம்தான். லட்சக்கணக்கில் விலையுள்ள கருவிக்கு வரிசையில் நிற்பதற்கு முன்னால் இந்தப் பத்து வினாடிச் சோதனை பாதி மாதிரிகளை ஒதுக்கிவிடும். காந்தத்தில் ஒட்டாததெல்லாம் நல்லது என்று சொல்ல முடியாது, ஒட்டுவது நிச்சயம் சரியில்லை என்று சொல்லலாம்.

இரும்பைக் குறைக்கக் குறைக்க

பத்திலிருந்து ஐந்து, மூன்று, இரண்டு, ஒன்று, அரை சதவீதம் என்று இறங்கினோம். எடையில் இரண்டு சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகுதான் காந்தம் அமைதியானது, மின்னோட்டமும் மேலே ஏறத் தொடங்கியது. இந்தத் துறையில் பல ஆய்வகங்கள் முன்பே கண்ட எல்லைதான் இது. இரும்பணு உட்காரும் இருக்கைகள் குறைவு, அவை நிரம்பியபின் வருவதெல்லாம் கூட்டமாகச் சேர்ந்து மணியாகிவிடும்.

சரி, இருக்கைகளைக் கூட்ட என்ன வழி? இங்கே இரண்டு யோசனைகள் எங்களுக்குக் கை கொடுத்தன. இரண்டும் எங்கள் சொந்தச் சரக்கு இல்லை.

முதலாவது, கனடாவின் கியூபெக்கில் தோத்லே என்பவரின் குழு 2009-இல் வெளியிட்ட வேலை. அவர்கள் இரும்பு அசிட்டேட்டையும் பெனாந்த்ரோலின் என்ற நைட்ரஜன் சேர்மத்தையும் கரியின் நுண்துளைக்குள் நிரப்பிச் சுட்டார்கள். இதில் எனக்குப் பிடித்தது, இரும்பு உலைக்குள் போகும்போதே நைட்ரஜன் சட்டை போட்டுக்கொண்டு போகிறது. ஓர் இரும்பை மூன்று பெனாந்த்ரோலின் சுற்றிப் பிடித்துக்கொள்ளும், கரைசல் உடனே ரத்தச் சிவப்பாகும், முதன்முறை கலந்தபோது இருவரும் குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே நின்றோம். அந்தச் சிவப்பு, ஒவ்வோர் இரும்பும் மற்றதிலிருந்து விலகி நிற்கிறது என்பதன் அடையாளம். மெலமினோடு வெறுமனே அரைத்தபோது இந்த விலகல் கிடைக்கவில்லை.

இரண்டாவது துத்தநாகம். துத்தநாக உலோகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். இரும்போடு பல மடங்கு துத்தநாகத்தைக் கலந்து வைத்தால், சுடும்போது இரண்டு இரும்புகளுக்கு நடுவே துத்தநாகம் தடுப்பாக நிற்கும், சூடு ஏறியதும் அது கிளம்பிப் போய்விடும், போன இடத்தில் நுண்துளை மிஞ்சும். துத்தநாகமும் மெத்தில் இமிடசோலும் சேர்ந்த ஒரு வெள்ளைச் சட்டகப் பொருளை இதற்காகவே உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். அது விலை கூடியது, கரைப்பான் நிறையப் பிடிக்கும். நாங்கள் உமிக்கரியைத் துத்தநாக உப்பில் ஊறப்போட்டே பார்த்தோம், உலையை 950-க்கு ஏற்றினோம். குளிர்ந்த பிறகு குழாயின் குளிர் முனையில் சாம்பல் நிறத்தில் துத்தநாகம் படிந்திருந்தது, அதைப் பார்த்ததும் உள்ளே இருந்தது கிளம்பிவிட்டது என்று நிம்மதி. குழாயைச் சுத்தம் செய்வதுதான் பெரும்பாடு.

இந்த இரண்டையும் சேர்த்துச் செய்த மாதிரியில் இரும்பு ஒரு சதவீதம் சொச்சம். காரக் கரைசலில், அதாவது பத்தில் ஒரு மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில், கடையில் வாங்கும் பிளாட்டினக் கரியின் அரை அலை மின்னழுத்தம், அதாவது மின்னோட்டம் தன் உச்சத்தில் பாதியைத் தொடும் இடம், ஹைட்ரஜன் அளவுகோலில் 0.85 வோல்ட்டை ஒட்டி வரும், அது எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது. எங்கள் மின்னோட்ட வளைகோடு முதன்முறையாக அதன் பக்கத்தில் வந்து நின்றது. பத்து சதவீதம் போட்டபோது எட்டாத இடம் அது.

நடுவில் ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஆர்கான் சிலிண்டரின் மீட்டரைச் சரியாகப் பார்க்காமல் உலையை ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். நள்ளிரவில் வாயு தீர்ந்து, காற்று உள்ளே புகுந்திருக்கிறது. காலையில் திறந்தால் படகில் கரியே இல்லை, அடியில் ஒட்டினாற்போல் கொஞ்சம் செந்நிறத் தூள். ஆத்தங்குடி கல்லில் சிவப்புக்குப் போடும் அதே இரும்பு ஆக்சைடு நிறம். மூன்று வார வேலை அது. அன்று மாணவி ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அடுத்த வாரமே வாயு அழுத்தம் குறைந்தால் உலையை அணைக்கும் சுவிட்ச் ஒன்றைப் பொருத்தினோம். அதன் விலை நாங்கள் இழந்த ஒரு சிலிண்டர் ஆர்கானை விடக் குறைவு, முதலிலேயே செய்திருக்க வேண்டியது.

செம்மண் சொன்ன பாடம்

ஒப்பிட்டுப் பார்க்க இரும்பே சேர்க்காத மாதிரி ஒன்று வேண்டும். செய்தோம். அதுவும் காரத்தில் ஓரளவு வேலை செய்தது. நைட்ரஜன் ஏற்றிய கரிக்கே காரத்தில் கொஞ்சம் திறன் உண்டு, ஆனால் இது அந்த அளவைத் தாண்டியிருந்தது. இரண்டு முறை திரும்பச் செய்தும் அப்படியே.

விடை காலடியில் இருந்தது. எங்கள் ஊர் மண் செம்மண், தோண்டினால் செம்புறாங்கல், இரண்டுக்கும் அந்த நிறம் இரும்பால். களத்தில் காய்ந்து, ஆலைத் தரையில் குவிந்து, திறந்த வண்டியில் வந்த உமியில் அந்தப் புழுதி ஒட்டாமல் எப்படி இருக்கும்? தண்ணீரில் அலசினால் போகாது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு நாள் ஊறப்போட்டு, வடித்த நீரில் கழுவிய உமியில் செய்தபோது இரும்பில்லா மாதிரி உண்மையிலேயே மந்தமானது. முதலில் ஊற்றி எடுத்த அமிலம் வெளிர் மஞ்சளாக இருந்தது, இரும்பைக் காட்டிக்கொடுக்கும் தயோசயனேட்டை ஒரு துளி விட்டதும் சிவந்துவிட்டது, அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. 'உலோகமே இல்லாத' கரி வினையூக்கி என்று வரும் அறிக்கைகளைப் படிக்கும்போது இப்போதெல்லாம் நான் முதலில் தேடுவது, இரும்பின் அளவைப் பத்து லட்சத்தில் எத்தனை என்ற கணக்கில் அளந்திருக்கிறார்களா என்பதைத்தான். அவ்வளவு சிறிய அளவே போதும், முடிவு மாறிவிடும்.

ஏறிய வளைகோடு

இனிச் சொல்லப்போவது எனக்கு இன்னமும் வலிக்கும் பகுதி. காரத்தில் நன்றாக வந்ததும் அமிலத்துக்குப் போனோம், ஏனென்றால் ஹைட்ரஜன் கார்களின் மின்கலத்தில் இருப்பது அமிலத்தன்மை கொண்ட சவ்வு. அங்கே தாக்குப்பிடிக்கிறதா என்று பார்க்க மின்னழுத்தத்தை 0.6-க்கும் 1.0 வோல்ட்டுக்கும் நடுவே 5,000 தடவை மேலும் கீழும் ஓட்டினோம். வழக்கமாக இதில் எந்த இரும்பு வினையூக்கியும் கீழே இறங்கும், எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் கேள்வி.

எங்களுடையது ஏறியது. ராத்திரி பதினோரு மணிக்கு மாணவியிடமிருந்து திரையின் படம் வந்தது, கீழே "அக்கா, ஏறியிருக்கு!!" என்று. எனக்குத் தூக்கம் வரவில்லை. உட்கார்ந்து ஒரு கருத்தரங்குக்கு ஆய்வுச் சுருக்கம் எழுதி அனுப்பினேன், ஓடஓடத் தன்னைத்தானே மேம்படுத்திக்கொள்ளும் வினையூக்கி என்று, அதற்கு நுண்துளைகள் திறந்துகொள்கின்றன என்று ஒரு விளக்கமும் கொடுத்து. விளக்கம் நன்றாகவே இருந்தது, நானே நம்பினேன்.

மறுநாள் சார் வளைகோட்டை வெகுநேரம் பார்த்தார். பாராட்டவில்லை. "எதிர் மின்முனை என்னம்மா போட்டிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டார். மின்சுற்றை முடிக்க எதிர்ப்பக்கத்தில் வைக்கும் மின்முனையைக் கேட்கிறார். பிளாட்டினக் கம்பி சார் என்று சொல்லும்போதே எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

நடந்தது இதுதான். வேலை செய்யும் மின்முனையில் ஆக்சிஜன் எலக்ட்ரான்களை வாங்கும்போது, எதிர்ப்பக்கத்தில் இருக்கும் கம்பியிலிருந்து எலக்ட்ரான்கள் உருவப்படுகின்றன, அதன் மின்னழுத்தம் மிக உயரத்துக்குப் போகிறது. அந்த உயரத்தில், அமிலத்தில், பிளாட்டினம் துளித்துளியாகக் கரையும். மின்னழுத்தத்தை அளக்க வைக்கும் மூன்றாவது மின்முனையான ஒப்பீட்டு மின்முனையோ வெள்ளி குளோரைடு வகை, அதிலிருந்து கசிந்த குளோரைடு கரைவதை இன்னும் சுலபமாக்கியது. கரைந்த பிளாட்டினம் கரைசல் வழியே நீந்தி வந்து எங்கள் இரும்பு வினையூக்கியின் மேலேயே படிந்துவிட்டது. 5,000 சுற்றில் நாங்கள் அளந்தது இரும்பின் உழைப்பை அல்ல, பிளாட்டினத்தின் உழைப்பை! நைட்ரஜன் நிரப்பி மறுபடி ஓட்டிப் பார்த்தபோது 0.05-க்கும் 0.35 வோல்ட்டுக்கும் இடையே பிளாட்டினத்துக்கே உரிய ஹைட்ரஜன் மேடுகள் சின்னதாக, ஆனால் சந்தேகமில்லாமல் தெரிந்தன. பிளாட்டினத்துக்கு மாற்று தேடிப் புறப்பட்டவர்கள் பிளாட்டினத்தையே பூசி அளந்துகொண்டிருந்தோம்.

சுருக்கத்தை அன்றே திரும்பப் பெற்றேன். புதுக் கண்ணாடிக் கலம், மெருகேற்றிய புது மின்முனை, எதிர்ப்பக்கத்துக்குக் கிராஃபைட் கோல், அதையும் நுண்துளைக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் வைத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஓட்டினோம். இந்தமுறை வளைகோடு இறங்கியது, நன்றாகவே இறங்கியது. அந்த இறக்கத்தைப் பார்த்தபோது வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் அதுதான் எங்கள் பொருளைப் பற்றிக் கிடைத்த முதல் நேர்மையான தகவல். இதைப் படிப்பவர்களில் யாராவது இப்போது பிளாட்டினக் கம்பியோடு இரும்பு வினையூக்கியை அமிலத்தில் அளந்துகொண்டிருந்தால், தயவுசெய்து இன்றே கம்பியைக் கழற்றிவிடுங்கள்.

ஏன் இறங்குகிறது

ஆக்சிஜன் நான்கு எலக்ட்ரான்களையும் ஒரே மூச்சில் வாங்கினால் தண்ணீர். இரண்டோடு நின்றுவிட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடு. பெராக்சைடும் இரும்பும் சந்தித்தால் என்ன ஆகும் என்று வேதியியல் படித்தவர்களுக்குத் தெரியும், சாயக்கழிவை அழிக்க வேண்டுமென்றே பயன்படுத்தும் ஃபென்டன் வினை அது. அதில் பிறக்கும் ஹைட்ராக்சில் தனியுறுப்பு கண்ணில் பட்டதையெல்லாம் அரிக்கும். கரித் தாளை அரிக்கும், நைட்ரஜன் இருக்கையை உடைக்கும், மின்கலத்துச் சவ்வையும் விடாது. அதாவது வினையூக்கியே தன் இருக்கையை அறுத்துக்கொள்கிறது. இதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி, ஒரே சுற்றுகளை ஆக்சிஜனிலும் நைட்ரஜனிலும் தனித்தனியாக ஓட்டுவது. எங்களுக்கு நைட்ரஜனில் இறக்கம் கொஞ்சம்தான், ஆக்சிஜனில்தான் அதிகம். குற்றவாளி அமிலம் மட்டும் அல்ல என்பது அதில் தெளிவானது.

பெராக்சைடை நேரடியாக அளக்க, வினையூக்கி பூசிய வட்டைச் சுற்றி, வெளியேறும் பெராக்சைடைப் பிடிக்கும் வளையம் வைத்த மின்முனை வேண்டும். எங்களிடம் இல்லை, வேறோர் ஆய்வகத்தில் இரண்டு நாள் கேட்டு வாங்கிச் செய்தோம். அங்கே ஒரு நுணுக்கம் கற்றேன். வினையூக்கியைத் தடிமனாகப் பூசினால் உள்ளே பிறக்கும் பெராக்சைடு வெளியேறும் முன்பே மறுபடி பிடிபட்டுத் தண்ணீராகிவிடும், வளையத்துக்கு வந்து சேராது. அளவீட்டில் 'நான்கு எலக்ட்ரான்' என்று அழகாக வரும், உள்ளே அரிப்பு நடந்துகொண்டே இருக்கும். மெல்லிசாகப் பூசி அளந்தால்தான் உண்மை வெளியே வருகிறது. ஒரே தடிமனில் அளந்து எலக்ட்ரான் எண்ணிக்கை சொல்லும் வேலைகளை நான் முழுதாக நம்புவதில்லை.

இருக்கைகளிலும் இரண்டு விதம் உண்டு என்று இப்போது தெரிந்திருக்கிறது. இரும்பணு எந்தச் சூழலில் இருக்கிறது என்று காமா கதிரால் காட்டும் மாஸ்பவர் நிறமாலையில் இரண்டு தனி இரட்டைக் கோடுகளாகத் தெரிபவை. ஒன்று தொடக்கத்தில் சுறுசுறுப்பு, ஆனால் ஓடும் மின்கலத்தில் சீக்கிரம் இரும்பு ஆக்சைடாகிவிடும், மற்றது நிலைத்து நிற்கும். நிலைத்து நிற்பதை மட்டும் எப்படிச் செய்வது என்பதே இப்போது பெரிய கேள்வி. 2021-இல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகக் குழு ஒன்று வரிசையையே மாற்றிப் பார்த்தது. முதலில் இரும்பே இல்லாமல் துத்தநாக இருக்கைகளோடு கரியைச் சுட்டு முடித்துவிட்டு, அப்புறம் 750 டிகிரியில் ஃபெரிக் குளோரைடு ஆவியை அதன் மேல் ஓடவிட்டார்கள். துத்தநாகம் எழுந்துகொள்ள, இரும்பு அதே இருக்கையில் உட்கார்ந்தது. இரும்பு மணி திரளும் உயர்ந்த சூட்டில் இரும்பே அங்கே இல்லை. மின்கலத்தில் 0.9 வோல்ட்டில் சதுர சென்டிமீட்டருக்கு 33 மில்லியாம்பியர் எடுத்தார்கள், அமெரிக்க எரிசக்தித் துறையின் இலக்கு 44. படித்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லத் தெரியவில்லை, நாங்கள் முட்டிக்கொண்டிருந்த சுவருக்கு யாரோ கதவு வைத்தது போல இருந்தது. எங்கள் உலையில் அந்த ஆவியைப் பாதுகாப்பாக ஓட்ட வசதி இல்லை, வரும் வருடம் பார்க்கலாம்.

காற்றுப் பக்கம்

அமிலத்தை ஒத்திவைத்துவிட்டு, எங்கள் கரி நன்றாக நிற்கும் காரத்துக்கே திரும்பினோம். துத்தநாகக் காற்று செல். கணக்கில் 1.65 வோல்ட், நடைமுறையில் சுமையில்லாதபோது 1.4-ஐ ஒட்டி வரும். கார்பன் தாளில் எங்கள் கரி, எதிரே துத்தநாகத் தகடு, நடுவே 6 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. இரண்டு செல்களைத் தொடராக இணைத்துச் சிவப்பு எல்.இ.டி. ஒன்றை எரியவிட்டோம். மாணவி அதை அணைக்கவே விடவில்லை.

நான்காவது நாள் அணைந்தது. வினையூக்கி கெடவில்லை, கழுவி வேறு செல்லில் போட்டால் வேலை செய்கிறது. சித்திரை மாதம், வெளியே எங்கள் ஊர் வெயில், திறந்த துளைகள் வழியே தண்ணீர் ஆவியாகிப் போய்விட்டது. கூடவே காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு காரத்தோடு சேர்ந்து பொட்டாசியம் கார்பனேட்டாக, கார்பன் தாளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்து துளைகளை அடைத்திருந்தது. ஆச்சியின் பொத்தான் பேட்டரியும், தாளை உரித்தபின் கருவியில் போடாமலே மேசையில் வைத்திருந்தாலும் சில வாரங்களில் வீணாவது இதனால்தான். போன வாரம் அவரிடம் சொன்னேன், தேவைப்படும்போது மட்டும் உரியுங்கள், முன்கூட்டியே நாலைந்தை உரித்து டப்பாவில் போட்டு வைக்காதீர்கள் என்று. அப்படித்தான் இத்தனை நாளும் வைத்திருந்திருக்கிறார், நான் உரித்துக் கொடுத்தவைதான்.

அடுத்து, காற்றுப் பக்கத்தில் டெஃப்ளான் படலத்தின் தடிமனை மாற்றி மாற்றி மூன்று செல்களை மேசையில் ஓடவிட்டோம். மெல்லிய படலம் போட்டது ஐந்தாம் நாள் வறண்டது, தடித்தது மூச்சுத் திணறி மின்னழுத்தம் விழுந்தது. நடுவில் இருப்பது இன்றோடு பதினோராம் நாள், 1.2 வோல்ட்டில் நிற்கிறது.